தட்டான் பிறக்கும் சேறு

ஐப்பசி பிறந்துவிட்டால் போடியில் சாயங்கால வெயிலில் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். மொட்டை மாடிக்குப் போனால் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் மிதக்கும். உட்காருவதே இல்லை. என் மாமியார் இருந்த காலத்தில், "தட்டான் தாழப் பறக்குது, வத்தலை எடுங்கடி" என்று கீழேயிருந்தே குரல் கொடுப்பார். பெண்கள் மாடிக்கு ஓடி மிளகாய் வற்றலை அள்ளுவார்கள். பெரும்பாலும் மழை வந்துவிடும்.

அந்தத் தட்டான் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் கேட்டார். நல்ல தண்ணீர்க் குளம் குட்டையே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் லட்சக்கணக்கான தட்டான்கள் ஏன் வருகின்றன என்பது அவர் கேள்வி. 2009-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், அவை இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, அவற்றின் சந்ததிகள் தென்மேற்குப் பருவக்காற்றோடு திரும்புகின்றன என்று சொன்னார். போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். என் மாமியார் வற்றலுக்காகக் கவனித்த பூச்சி கடல் தாண்டும் பூச்சி.

இந்தப் பயணித் தட்டானுக்கு ஊர் கிடையாது. மழை பெய்து தேங்கிய குட்டை எங்கே இருந்தாலும் முட்டையிடும். இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வளர்ந்து இறக்கை கட்டிப் பறந்துவிடும். ஒரு குட்டையைத் தூர்த்தால் அடுத்த குட்டைக்குப் போகும். அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது வேறு தட்டான்களைப் பற்றி. போடிக்கு மேலே நிற்கும் மலையிலே பிறந்து, அங்கேயே சாகிறவை. அவை பிறக்கும் சேற்று நிலங்களுக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் அந்த நிலங்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

கொட்டகுடி, குரங்கணி வழியாக மேலே ஏறினால் டாப் ஸ்டேஷன். தெற்கே கொழுக்குமலை. அந்த உயரத்தில் மலை முதுகு சில இடங்களில் தட்டையாகும். புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே உள்ள தாழ்வில் காலை வைத்தால் தரை அமுங்கும், தண்ணீர் ஊறி வரும். கறுப்பு மண், கோரை, பாசி. கிணறும் இல்லை, குளமும் இல்லை. ஆனால் சித்திரை வெயிலிலும் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பல கசிவுகள் சேர்ந்தால் ஓடை. பல ஓடைகள் சேர்ந்தால் நமது கொட்டகுடி ஆறு. போடிக்காரர்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது வருவது பெரும்பாலும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

அந்த ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் இரண்டோ மூன்றோ நூல் நீட்டியபடி ஓடும் சிறு பூச்சிகள் இருக்கும். இவை ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள். மாதக்கணக்கில் தண்ணீரில் வாழ்ந்து, இறக்கை முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோ பறந்து இணை சேர்ந்து மடிந்துவிடும். பறக்கும் பருவத்தில் அவற்றுக்கு வாய் வேலை செய்யாது, சாப்பாடே கிடையாது. பக்கத்தில் மணலையும் பொடிக் கற்களையும் தன் வாயில் சுரக்கும் பட்டால் ஒட்டிக் குழாய் போலக் கூடு கட்டி, அதைச் சுமந்து திரியும் புழுக்கள். தண்ணீரின் மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சிகள். கல் இடுக்கில் நண்டு. சேற்றோரத்தில் தட்டானின் குஞ்சு.

தட்டான் குஞ்சைப் பார்த்தவர்கள் அதைத் தட்டான் என்று நம்ப மாட்டார்கள். அழுக்கு நிறம், இறக்கை இல்லை, தேள் போல முகம். அதன் கீழுதடு மடக்கி வைத்த கை போன்றது. இரை அருகே வந்ததும் அந்த உதடு சட்டென்று நீண்டு கவ்விப் பிடிக்கும். மூச்சு விடுவது பின்பக்கத்தால். ஆபத்து என்றால் அதே வழியாகத் தண்ணீரைப் பீச்சி முன்னால் பாயும். அது விரும்பித் தின்னும் உணவுகளில் ஒன்று கொசுப் புழு. குளிர்ந்த மலைத் தண்ணீரில் இந்த வாழ்க்கை சில இனங்களுக்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். அதன் பிறகு இறக்கையோடு சில வாரம். அதாவது தட்டான் என்று நாம் பார்ப்பது அதன் ஆயுளின் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான்.

நான் காரைக்கால் பக்கத்தவன். பிரெஞ்சு வழியில் படித்தவன். கல்யாணமும் அரசு வேலையும்தான் என்னை இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தன. பள்ளியில் தட்டானுக்கு லிபெல்லூல் என்றும் ஊசித்தட்டானுக்குத் தெமுவாசெல் என்றும் படித்தோம். தெமுவாசெல் என்றால் இளம்பெண். ஒருநாள் பூச்சிக்கு எஃபெமேர். அதே பாடப் புத்தகத்தில் இன்னொரு சொல் இருந்தது. மலேரியாவுக்குப் பிரெஞ்சில் பலுதீஸ்ம் என்பார்கள். பலூஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சதுப்பு என்று பொருள். நோயின் பெயரே "சதுப்பு வியாதி". மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கும் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். அந்தக் கெட்ட காற்று சதுப்பிலிருந்து கிளம்புவதாக ஐரோப்பா முழுவதும் நம்பியது. அதற்கு மருந்தாகப் பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் ஆயிரக்கணக்கில் யூகலிப்டஸ் நட்டார்கள். அது தண்ணீரை உறிஞ்சிச் சதுப்பைக் காயவைக்கும், அதன் வாசனை காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பினார்கள். "காய்ச்சல் மரம்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆசிரியர் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார். நாங்களும் பெருமையாக ஒப்பித்தோம்.

சதுப்பின் மேல் சுமத்தப்பட்ட முதல் குற்றச்சாட்டு இதுதான். அது எவ்வளவு பொய் என்பதற்கு நம் மலைகளே சாட்சி. டாப் ஸ்டேஷனிலிருந்து மலை முதுகிலேயே போனால் பேரிஜம் வழியாகக் கொடைக்கானல் வந்துவிடும். அந்த வழியில் முன்பு சாலையே இருந்தது. மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் கீழே காய்ச்சலிலும் காலராவிலும் குடும்பம் குடும்பமாக மாண்டதைக் கண்டு, 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். காய்ச்சலுக்குப் பயந்து அவர்கள் ஓடிப்போன இடம் எது? சோலையும் சதுப்பும் நிறைந்த இடம். அங்கே போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் சதுப்புதான் காய்ச்சலுக்குக் காரணம் என்ற எண்ணம் மாறவில்லை.

1880-ல் அல்ஜீரியாவில் கான்ஸ்தாந்தீன் ராணுவ மருத்துவமனையில் லாவெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதே கிருமியைக் கண்டார். அதற்குச் சில மாதம் முன்புதான் அவர் ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைவழியில் போய்த் தானே காய்ச்சலில் படுத்திருந்தார். கெட்ட காற்று இல்லை, கொசு என்று தெரிந்தது. அடுத்த கேள்வி, எந்தக் கொசு? தென்னிந்திய மலைச்சரிவுகளில் மலேரியாவைப் பரப்பியவற்றில் முக்கியமானது அனாஃபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ். பெயரைப் பாருங்கள். பிரெஞ்சில் நதிக்கு ஃப்ளோவ் என்போம், அதே வேர். ஆற்றுக் கொசு. அது முட்டையிடுவது மெல்ல ஓடும் தெளிந்த ஓடையின் புல்லோரத்தில், வாய்க்கால் விளிம்பில், அடிவாரத்திலும் நடுச்சரிவிலும். உச்சியில் இருக்கும் குளிர்ந்த சதுப்பு அதற்கு உகந்த இடமில்லை. சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் கொசுவின் உடம்புக்குள் அந்தக் கிருமி வளரவும் முடியாது.

ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு வந்த மலைக்காய்ச்சலை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர் தூக்கித் தூக்கிப் போடும், கம்பளி மேல் கம்பளி போட்டாலும் அடங்காது. கொய்னா மாத்திரையின் கசப்பும், காது இரைச்சலும் நினைவிருக்கும். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, 1958-ல் அது ஒழிப்புத் திட்டமானது. டிடிடி அடித்தவர்கள் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல் குறைந்தது. அதில் சந்தேகமில்லை. கொசுவைச் சுவரில் அடித்ததால் குறைந்தது. சதுப்பைக் காயவைத்ததால் அல்ல.

இதற்குள் சதுப்புகளுக்கு வேறு விதிகள் எழுதப்பட்டுவிட்டன. கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி அல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகள் சேரும் ஒரு சதுப்புக்கு அணை போட்டு உண்டாக்கியது. பேரிஜத்தையும் சுற்றியிருந்த உயரமான பகுதியையும் 1860-களில் அளந்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, அங்கே பழைய ஏரிப் படுகை போன்ற பெரிய சதுப்பு இருப்பதாக எழுதினார். அந்த இடத்துக்குப் ஃபோர்ட் ஹாமில்டன் என்றே பெயர் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் கரை கட்டப்பட்டு, பேரிஜம் ஏரி உண்டானது. பெரியகுளத்துக்காரர்கள் இன்று குடிப்பது அந்தத் தண்ணீர். மூணாறுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை வந்தது. அங்கிருந்து தேயிலை டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடி சேர்ந்த கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேயிலையைக் காய்ச்சி உலர்த்த விறகு வேண்டும். விறகுக்கு யூகலிப்டஸ், நம் வார்த்தையில் தைல மரம், மலை முழுவதும் நடப்பட்டது. துரைமார் தூண்டில் போடுவதற்காக ஓடைகளில் டிரவுட் மீன் விடப்பட்டது. அந்த மீனுக்குப் பிரியமான இரை நீர்ப்பூச்சிக் குஞ்சுகள்.

ஏரி அழகுதான், தண்ணீரும் தருகிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் சதுப்பும் ஏரியும் ஒன்றல்ல. விரல் ஆழத் தண்ணீரிலும் கோரை வேரிலும் வாழப் பழகிய உயிர்களுக்கு இருபதடி ஆழத் தண்ணீர் அந்நிய நாடு. அங்கே முன்பு என்னென்ன இருந்தன என்று யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை.

கணக்கெடுத்தவர்கள் சிலர் உண்டு, அவர்களையும் சொல்ல வேண்டும். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் பூச்சிகளைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவார். அங்கே ஃபாப்ரீசியுஸ் அவற்றுக்குப் பெயர் வைப்பார். மேலே சொன்ன பயணித் தட்டானுக்கும், நம் வயல்வெளியில் பறக்கும் மஞ்சள் ஊசித்தட்டான் ஒன்றுக்கும் அவர் 1798-ல் பெயரிட்டார். பின்னதற்குக் கோரமண்டல் கரையின் பெயரையே வைத்தார். 1842-ல் ராம்பூர் என்ற பிரெஞ்சுக்காரரும், அவருக்குப் பின் பிரெஞ்சில் எழுதிய பெல்ஜியப் பிரபு செலிஸ் லோன்ஷானும் நம் ஊர்த் தட்டான்கள் பலவற்றை விவரித்தார்கள். மலைமேல் குட்டைகளில் ஒரு சிவப்புத் தட்டான் பறக்கும். அதற்கு 1840-ல் செலிஸ், ஏக்ஸ் நகரத்துப் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபோன்ஸ்கொலோம்பின் பெயரை வைத்தார். தெற்குப் பிரான்சில் பறக்கும் அதே இனம் நமது பக்கத்தில் குளிர்ந்த உயரங்களை நாடி வாழ்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏனோ பள்ளி ஞாபகம் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலானவர் எஃப். சி. ஃபிரேசர். ராணுவ வைத்தியர், லெப்டினன்ட் கர்னல். வேலை ஆஸ்பத்திரியில், மனசு ஓடையில். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, குடகு என்று அலைந்து, 1933, 1934, 1936 ஆண்டுகளில் இந்தியத் தட்டான்கள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். இன்றைக்கும் தட்டான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895-ல் சேசு சபைப் பாதிரிமார் கல்லூரி தொடங்கினார்கள். பெரும்பாலும் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அதிலிருந்த ஃபொரோ பாதிரியார் பழனிமலைப் பாசிகளை ஆயுள் முழுக்கச் சேகரித்து 1961-ல் பட்டியல் வெளியிட்டார். அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு நான் போயிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் குத்திவைத்த பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். செத்த தட்டானுக்கு நிறம் நிற்காது. சிவப்பும் பச்சையும் பழுப்பாகிவிடும். அன்று தோன்றிய எண்ணம் இது: நம் பூச்சி வரலாற்றில் பதிவானது பெரும்பாலும் இறக்கை முளைத்த சில வாரங்கள். வலையில் சிக்குவதும் பெட்டியில் அழகாக இருப்பதும் அதுதானே. சேற்றுக்குள் கழிந்த மாதங்கள் மிகக் குறைவாகவே பதிவாகின. அந்தச் சேற்றைப் பதிவு செய்ய வேண்டிய பதிவேடு வேறொன்று இருந்தது. அது எங்களிடம் இருந்தது.

வருவாய்க் கணக்கில் நிலத்துக்குப் பெயர் உண்டு. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. சதுப்பு என்று ஓர் இனம் கிடையாது. நெல்லும் விளையாது, வரியும் வராது என்றால் அது தரிசு. 1970-களில் நான் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். மலைமேல் ஓர் இடத்தைப் பார்த்துக் குறிப்பெழுத மேலதிகாரியுடன் போனேன். எந்த அலுவலகம், எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். கர்ணமும் தலையாரியும் உடன் வந்தார்கள். ஐந்தாறு ஏக்கர் இருக்கும், முழுக்க ஊறிய நிலம். என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கோரை மேலே சிவப்புத் தட்டான்கள் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தன.

தலையாரி வயதானவர். செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அய்யா, இது சும்மா சேறுன்னு நெனைக்காதீங்க. கோடையில கீழ ரெண்டு ஓடைக்கு இதுலருந்துதான் தண்ணி. இதுல நாங்க மாடு கூட விடுறதில்லை."

நான் தலையாட்டிக்கொண்டேன். திரும்பி வந்து வரைவுக் குறிப்பு எழுதும்போது அவர் சொன்னதை எழுதவில்லை. தலையாரி சொன்னதைக் குறிப்பில் எழுதும் வழக்கமும் இல்லை. "பயனற்ற சதுப்புத் தரிசு. கொசு உற்பத்திக்கு இடமாக உள்ளது. தைல மரம் நடத் தகுந்தது" என்று எழுதினேன். கடைசி வரி என் பள்ளிப் பாடத்திலிருந்து வந்தது. கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார். கையெழுத்திட்டார். மரம் நட்டார்கள். அது என் ஒரு குறிப்பால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலக் கொள்கையே அதுதான். ஆனால் அந்த நிலத்தைப் பற்றி அரசாங்கத்திடம் இருந்த மூன்று வாக்கியங்களும் என் கையெழுத்தில் இருந்தன. மூன்றும் தப்பு.

எவ்வளவு தப்பு என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மலைச் சதுப்பின் கறுப்பு மண் என்பது மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிந்த புல்லும் பாசியும். 1993-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் எப்போது மழை மிகுந்தது, எப்போது வறண்டது, எப்போது புல் பரவியது, எப்போது சோலை பரவியது என்று படித்தெடுத்தார்கள். நான் பதிவேட்டில் பயனற்றது என்று எழுதிய நிலமும் அந்த ரகம்தான். அதுவே ஒரு பதிவேடு, எங்கள் அலுவலகத்தில் இருந்த எதையும்விடப் பழையது.

அதில் வாழும் உயிர்களும் அப்படித்தான். கீழே சமவெளி வெப்பம், மேலே குளிர்ந்த முகடு. ஒரு முகட்டில் வாழும் பூச்சி அடுத்த முகட்டுக்கு எளிதில் போக முடியாது. தீவில் மாட்டிக்கொண்டது போல அங்கங்கே தனித்தனியாக மாறிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 200 வகைத் தட்டான்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. ஒருநாள் பூச்சிகளில் 1984-ல் பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் ஒரு புதுப் பேரினத்தையே விவரித்தார், அதன் இனப் பெயரில் குற்றாலம் இருக்கிறது. நாமெல்லாம் குளித்துவிட்டு வரும் குற்றாலம்தான். 2015-ல் கேரளத்துப் பொன்முடியில் புதிய ஊசித்தட்டான் ஒன்று பதிவானது. ஃபிரேசர் புத்தகம் வந்து 80 ஆண்டு கழித்தும் கணக்கு முடியவில்லை. முடியாத கணக்கின் தாள்களை நாம் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

தைல மரம் பழைய கதை. இன்றைய கதை மருந்து. இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் போடியே ஏலக்காயால் வாழும் ஊர். என் மைத்துனர் ஏல வியாபாரி. அவரிடம் பேச்செடுத்தேன்.

"மச்சான், நீங்க பென்சன் வாங்குறீங்க. பேன் விழுந்தா காய் சொறி புடிச்சிரும், பாதி வெலைக்குக் கூட எடுக்க மாட்டான். தண்டுல புழு துளைச்சா செடியே போச்சு. மாசம் ஒரு தடவ மருந்தடிக்காம யாரால தோட்டம் வச்சிருக்க முடியும்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் அடிக்கிற மருந்தில் ஒரு பகுதி மழையோடு ஓடைக்குப் போகிறது. பூச்சியைக் கொல்லச் செய்த மருந்துக்கு, இது ஏலச் செடியின் பேன், இது ஓடையில் வாழும் பூச்சி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பல ஆண்டுகள் தாராளமாக அடிக்கப்பட்ட எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அது கொடிய விஷம். மருந்தின் எச்சம் கூடியதால் வெளிநாடுகள் நம் ஏலக்காயைத் திருப்பி அனுப்பிய செய்தி வந்தபோது கடைத்தெரு முழுவதும் கலங்கியது. அந்தச் செய்தி ஓடைக்கு முன்பே வந்துவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் கல்லைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

இது வெறும் பேச்சல்ல. 1967-லேயே பிரான்சில் துய்ஃபெரி, வெர்னோ என்ற இருவர் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். ஓடையில் கல்லைப் புரட்டி, எந்தெந்த நீர்ப்பூச்சி இருக்கிறது என்று எண்ணி, அதை வைத்துத் தண்ணீருக்கு மதிப்பெண் போடும் முறை. கெட்ட தண்ணீரில் முதலில் மறைகிறவை கல்லடிப் பூச்சியும் ஒருநாள் பூச்சிகளில் பலவும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவை சிவப்புப் புழுக்கள். சோதனைக் குழாய் அன்றைய தண்ணீரைத்தான் சொல்லும். பூச்சியோ கடந்த பல மாதத் தண்ணீரைச் சொல்லும், ஏனென்றால் அது அத்தனை நாளும் அதிலே குடியிருந்தது. 2011-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களை மதிப்பிட்டது. மீன் 290, சிப்பி நத்தை வகை 77, தட்டான் 171, நீர்த்தாவரம் 608, ஆக 1,146 இனங்கள். அவற்றில் சுமார் 16 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. மற்ற நீர்ப்பூச்சிகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

போன தை மாதம் மைத்துனரின் ஜீப்பில் பழைய இடத்துக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக அவரையே கூட்டிப் போனேன். தைல மரங்கள் பனை உயரம் நிற்கின்றன. கீழே காய்ந்த சருகு, பட்டை. செருப்பு எங்கும் மாட்டவில்லை. தலையாரி சொன்ன இரண்டு ஓடைகளில் ஒன்று வெறும் கல் வரிசை. மற்றது ஒரு பாறைக்குக் கீழே இன்னும் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு முட்டி மடங்காது. மைத்துனர்தான் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார்.

"ஏதோ ஓடுது மச்சான். வாலு மூணு இருக்கு."

ஒருநாள் பூச்சியின் குஞ்சு. பக்கத்தில் மணல் கூட்டைச் சுமந்துகொண்டு ஒரு புழு. தட்டான் குஞ்சு கண்ணில் படவில்லை. அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்த மாதிரியே கல்லைத் திருப்பி வைத்தார். இறங்கும்போது, தன் தோட்டத்து ஓடையோரம் இருபதடிக்கு மருந்து அடிக்காமல் விட்டுப் பார்க்கலாமா என்று தானாகவே கேட்டார். விட்டிருக்கிறார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அரசாங்கப் பதிவேட்டில் ஒரு விதி உண்டு, பழைய எழுத்தர்களுக்குத் தெரியும். தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எழுத்து படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறதோ, கரையான் தின்றிருக்கும். ஆகவே திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

"பயனற்ற சதுப்புத் தரிசு" என்பதை அடித்து, "இரண்டு ஓடைகளின் ஊற்று, தட்டான் முதலிய நீருயிர்கள் வாழும் இடம், மரம் நடத் தகுந்ததல்ல, தலையாரி சொன்னது சரி" என்று வாசிக்கவும்.